ஒன்பதாவது மாடி ஓரத்தில் பாரிகேட் இல்லை: எம்.ஓ.எம்.-க்கு (மனிதவள அமைச்சுக்கு) சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

வக்கீலான எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியவர் சிங்கப்பூரில் ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் வார்க்க அச்சுப் பலகை கட்டும்) வேலை பார்ப்பவர். வயது 29, சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் வேலை செய்யும் அடுக்குமாடிக் கட்டடம் இப்போது ஒன்பதாவது மாடியில் நிற்கிறது. மூன்று வாரத்துக்கு முன், கிரேனில் சாமான் இறக்குவதற்காக ஒரு பக்கத்து ஓரத்தில் பாரிகேட்டைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டவில்லை. அந்த இடத்தில் சிவப்பு வெள்ளை டேப் ஒன்று கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லோருக்கும் பெல்ட் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஹூக் மாட்ட லைஃப்லைன் (பிடிமானக் கயிறு) கிடையாது. தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மாட்டுகிறார்கள். இல்லாவிட்டால் ஹூக் இடுப்பில் சும்மா தொங்குகிறது. போர்மேனிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று. “இன்னும் ஒரு வாரத்துல அந்த ஓரம் முடிஞ்சிடும், பாத்து நில்லு” என்பதுதான் பதில்.

பன்னிரண்டு நாளைக்கு முன் இவருடைய அறைத்தோழர் அதே மாடியில் பின்பக்கமாகக் கால் வைத்து, இரண்டு மீட்டர் கீழே இருந்த பிளாட்ஃபாரத்தில் விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. கிளினிக்குப் போகிற வழியில் வண்டியிலேயே சூப்பர்வைசர், “டார்ம் படிக்கட்டுல விழுந்தேன்னு சொல்லு” என்று சொல்லிக்கொடுத்தார் (டார்ம் என்பது ஊழியர் விடுதி). அவரும் அப்படியே சொன்னார். இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு), அப்புறம் லைட் டூட்டி. இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து கிளாம்ப் எண்ணிக்கொண்டிருக்கிறார். வீக்கம் இன்னும் வடியவில்லை.

கடிதத்தோடு நான்கு படங்கள் வந்திருக்கின்றன. வேலை பெர்மிட் முடிய இன்னும் ஐந்து மாதம். சிங்கப்பூர் வர வாங்கிய கடனில் 1,80,000 ரூபாய் பாக்கி. “எம்.ஓ.எம்.-க்குச் சொன்னால் சைட்டை மூடிவிடுவார்கள், சம்பளம் நின்றுபோகும், மறுநாளே என்னை ஏர்போர்ட்டில் விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். டூல்பாக்ஸ் தாளில் தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதனால் தப்பு எங்கள் மேல்தான் என்றும் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும் அண்ணே?” என்று கேட்கிறார்.

தம்பி,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில், டேப்பைத் தாண்டி ஓரத்தை ஒட்டி, ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு ஜோடி கையுறையும் கிடக்கின்றன. யாரோ அங்கே உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறார்கள். டேப்பைப் பார்த்தபோது வராத பயம் அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் வந்தது. மூன்று வாரத்தில் ஒன்பதாவது மாடி ஓரம் உங்கள் ஆட்களுக்குத் திண்ணை மாதிரி ஆகிவிட்டது.

உங்கள் கேள்விக்கு என் பதில், சொல்லுங்கள் என்பதுதான். ஆனால் யாரிடம், எந்த வரிசையில், எதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் பெர்மிட்டும் கடனும் அடங்கியிருக்கின்றன. அதற்கு முன், நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

அந்தக் கையெழுத்து யாரைக் கட்டும்?

காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நீங்கள் போடும் கையெழுத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: இன்று இந்த ஆபத்துகளைப் பற்றிச் சொன்னார்கள், நான் கேட்டேன். ஓரத்தில் தடுப்பு வைக்கும் பொறுப்பு அந்தக் கையெழுத்தால் உங்கள் தலைக்கு மாறிவிடாது. சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006-இல் வந்தது. அது முதலில் கேட்கும் கேள்வி, அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது. சைட்டை நடத்தும் மெயின்கான் (தலைமை ஒப்பந்ததாரர்), உங்களை வேலைக்கு வைத்திருக்கும் சப்கான் (துணை ஒப்பந்ததாரர்), சப்கானுக்கு வேலை கொடுத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடமை உண்டு. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாதபடிதான் எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை ஓரத்தில் எம்.ஆர்.டி. ரயிலின் வட்டப் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் அப்படியே உள்வாங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒரு போர்மேனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அடுத்த வாரமே ஃபியூஷனாபொலிஸ் கட்டுமானத்தில் இரும்புக் கம்பிக் கூடு சரிந்து இரண்டு பேர், மே 29-இல் கப்பல் பட்டறையில் தீப்பிடித்து ஏழு பேர். நாற்பது நாளுக்குள் பதின்மூன்று உயிர். அதுவரை இருந்த தொழிற்சாலைச் சட்டம், இதைச் செய், அதைச் செய்யாதே என்று பட்டியல் போட்டுவிட்டு, விபத்துக்குப் பிறகு யார் மீறினார் என்று தேடுகிற சட்டம். புதியது, ஆபத்தை உண்டாக்குகிறவரே முன்கூட்டி அதைக் கண்டுபிடித்துக் குறைக்க வேண்டும் என்கிறது. 2004-இல் லட்சம் பேருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2024-இல் 1.2. குறைந்ததில் சந்தேகமில்லை. ஆனாலும் 2024-இல் இறந்த 43 பேரில் 20 பேர் கட்டுமான வேலையில் இருந்தவர்கள்.

உங்கள் ஓரத்துக்கு வருவோம். உயரத்தில் வேலை செய்வதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன. இரண்டு மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரம் எதுவானாலும் மூடியிருக்க வேண்டும், அல்லது தடுப்பு இருக்க வேண்டும். தடுப்பு என்றால் என்ன என்றும் அளவு சொல்லியிருக்கிறது: மேல் கம்பி தளத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தில், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 600 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல். டேப்பெல்லாம் இதில் கணக்கே இல்லை. சாமான் இறக்குவதற்காகத் தடுப்பைக் கழற்றலாம், அதற்கு விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் தேவையான நேரத்துக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும். இறக்கி முடித்ததும் திரும்ப மாட்டியாக வேண்டும். ஒருநாள் மதியம் கழற்றியது மூன்று வாரம் ஆகியும் மாட்டப்படவில்லை என்றால், மறந்துபோச்சு என்று யாரும் சொல்ல முடியாது.

பெல்ட் விஷயத்திலும் உங்கள் சைட்டில் ஒரு தலைகீழ்ப் புரிதல் இருப்பதாகத் தெரிகிறது. தடுப்பு வைக்க முடியாத இடத்தில்தான் பெல்ட். முதலில் தடுப்பு, அது நடக்காதபோது பெல்ட், அந்தப் பெல்ட்டை மாட்டத் தாங்கக்கூடிய ஒரு பிடிமானம். லைஃப்லைன் இல்லாமல் பெல்ட் கொடுப்பது கிணற்றடியில் கயிறில்லாத வாளியை வைத்த மாதிரி. தூண் கம்பியில் மாட்டுவதை உடனே நிறுத்துங்கள். அது ஆளைத் தாங்குமா என்று யாரும் பார்த்துச் சொன்னதில்லை. மேல் நுனி திறந்திருந்தால் ஹூக் அப்படியே உருவிக்கொண்டும் வரும்.

இன்னொன்று. மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்குத் தனி அனுமதித் தாள் தேவை. உங்கள் ஆட்கள் ‘பெர்மிட்’ என்றுதான் இதையும் சொல்வார்கள், வேலை அனுமதிச் சீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சூப்பர்வைசர் கேட்க வேண்டும், தகுதியுள்ள இன்னொருவர் இடத்தைப் போய்ப் பார்த்து மதிப்பிட வேண்டும், அப்புறம் அதிகாரம் பெற்ற மேலாளர் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளின் நகல் வேலை நடக்கும் இடத்திலேயே கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் நான்கு படத்திலும் அப்படி ஒரு தாளைக் காணோம். ஒருவேளை லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கலாம், நாளைக்குப் பாருங்கள். ஒட்டியிருந்தால் அதையும் ஒரு படம். ஒன்பதாவது மாடி ஓரத்தில் தடுப்பு இருக்கிறது, லைஃப்லைன் இருக்கிறது என்று ‘டிக்’ போட்ட தாள் ஒன்று ஃபைலில் இருந்து, உங்கள் படம் வேறு சொன்னால், கையெழுத்துப் போட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை.

உங்களுக்குச் சாதகமாக மட்டும் சொல்லிக்கொண்டு போக முடியாது. தொழிலாளிக்கும் இந்தச் சட்டத்தில் கடமை உண்டு. சரியான லைஃப்லைன் போட்டுக் கொடுத்த பிறகும் ஹூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தால், அல்லது நீங்களே போய்த் தடுப்பைக் கழற்றினால், உங்களுக்கே அபராதம் வரலாம். வெயிலில் பெல்ட் கசகசக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

அறைத்தோழர் விஷயம் காத்திருக்காது

நீங்கள் ஓரத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அவரைப் பற்றி ஆறு வரி. எனக்கு அந்த ஆறு வரிதான் அவசரமாகப் பட்டது.

“ஹூக் மாட்டாதது அவன் தப்பு, அதனால் கிளெய்ம் கிடையாது” என்று சூப்பர்வைசர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில், யார் தவறு என்ற கேள்வியே வராது. வேலை செய்யும்போது, வேலையால் காயம் என்றால் போதும். குடித்திருந்தது, போதைப்பொருள், தனக்குத் தானே காயம் செய்துகொண்டது, சண்டையில் பட்டது மாதிரியான சில விலக்குகள் மட்டும் உண்டு. பின்பக்கமாகக் கால் வைத்தது அதில் இல்லை. உடலுழைப்பு வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி இதற்குக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். பணம் அங்கிருந்துதான் வரப்போகிறது. பாஸ் பையிலிருந்து போகிறது என்று உங்கள் நண்பர் சங்கடப்பட வேண்டாம்.

என்னவெல்லாம் கிடைக்கும்? மருத்துவச் செலவு, எம்.சி. நாட்களுக்கும் லைட் டூட்டி நாட்களுக்கும் உரிய சம்பளம், நிரந்தரக் குறைபாடு ஏற்பட்டால் அதற்கு ஒரு தொகை. எம்.சி. சம்பளம் முதல் 14 நாளுக்கு முழுதாக, மருத்துவமனையில் இருந்தால் 60 நாள்வரை முழுதாக, அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஓராண்டுவரை. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவின் உச்சவரம்பு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிரந்தர முழு இயலாமைக்கான உச்சவரம்பு 3,46,000 வெள்ளி. மணிக்கட்டுக்கு அவ்வளவெல்லாம் வராது, ஆசை காட்டவில்லை. ஆனால் ஃபார்ம்வொர்க் ஆளுக்கு மணிக்கட்டு மடங்காமல் போனால் அது வாழ்நாள் நஷ்டம், அதற்கு ஒரு கணக்கு உண்டு.

இப்போது அந்தப் பொய். டாக்டர் முதலில் எழுதிய குறிப்பில் ‘டார்மில் விழுந்தார்’ என்று இருக்கிறது. நாளைக்குக் கிளெய்ம் போட்டால் காப்புறுதிக்காரர் முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் அந்தப் பொய் உறுதிப்படுகிறது. எனவே இந்த வாரத்துக்குள் அவர் அரசாங்க மருத்துவமனைக்கோ பாலிகிளினிக்குக்கோ போய், நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த மாடி, எவ்வளவு உயரம். முதலில் ஏன் வேறு மாதிரி சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்கட்டும். பன்னிரண்டு நாளாக வடியாத வீக்கத்தைச் சுளுக்கு என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. மணிக்கட்டின் சின்ன எலும்பு ஒன்றில் விரிசல் விட்டிருந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம் என்று எலும்பு டாக்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதனால் வலி இருக்கும்வரை திரும்பத் திரும்பப் போகட்டும்.

வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்.சி.யோ லைட் டூட்டியோ கொடுத்தாலே முதலாளி அதை எம்.ஓ.எம்.-இல் பதிய வேண்டும் என்பது 2020 செப்டம்பரிலிருந்து விதி. மூன்று நாளுக்கு மேல் இருந்தால்தான் என்பது பழைய கதை. இரண்டு நாள் எம்.சி. கொடுத்து மூடிமறைக்கிற வழக்கம் அந்தப் பழைய விதியின் மிச்சம், அது தெரியாத சூப்பர்வைசர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். முதலாளி பதியாவிட்டாலும் உங்கள் நண்பரே கிளெய்ம் போடலாம். காலக்கெடு விபத்து நாளிலிருந்து ஓராண்டு. அவர் விழுந்ததை நேரில் பார்த்தது நீங்கள் என்றால், நீங்கள்தான் சாட்சி.

எம்.ஓ.எம். வந்தால் நிஜத்தில் என்ன நடக்கிறது

உங்கள் ஆட்கள் நினைப்பது போல் அதிகாரி வந்ததும் கேட்டில் பூட்டுப் போட்டுவிட்டுப் போவதில்லை. சொல்லாமல் வருவார்கள், அது உண்மை. சைட்டைச் சுற்றி நடப்பார்கள், படம் எடுப்பார்கள், அனுமதித் தாள் ஃபைலைக் கேட்பார்கள், ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அரைகுறை ஆங்கிலத்தில் “யெஸ், யெஸ்” போடாதீர்கள். வாக்குமூலத்தைத் திரும்பப் படித்துக்காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பார்த்ததைப் பொறுத்து, இன்ன தேதிக்குள் இதைச் சரிசெய் என்று உத்தரவு போடலாம். ஆபத்து உடனடியாக இருந்தால் வேலை நிறுத்த உத்தரவு. அதுவும் சைட் முழுவதற்கும்தான் என்றில்லை, ஒரு மாடிக்கு, ஒரு வகை வேலைக்கு என்று பகுதியாகவும் வரும். அதோடு அபராதம். மோசமான மீறல் என்றால் நீதிமன்றம். துணை விதிகளை மீறியதற்கான உச்ச அபராதத்தை 2024 ஜூன் 1 முதல் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்த்தியிருக்கிறார்கள்.

ஆனால் மெயின்கான் உண்மையில் நடுங்குவது, பாதுகாப்பு விதி மீறலுக்கு எம்.ஓ.எம். போடும் குற்றப் புள்ளிக்கு. பதினெட்டு மாதத்துக்குள் 25 புள்ளி சேர்ந்துவிட்டால் புதிதாக வெளிநாட்டு ஊழியர்களை எடுக்க முடியாது. புள்ளி ஏற ஏற, இருக்கிறவர்களின் பெர்மிட்டைப் புதுப்பிப்பதும் நின்றுபோகும். 2024 ஏப்ரலிலிருந்து, 25 புள்ளி எட்டியவர் அரசாங்கக் கட்டுமான டெண்டரிலும் கொஞ்ச காலத்துக்கு விலகி நிற்க வேண்டும். 50,000 வெள்ளியைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், ஆள் எடுக்க முடியாது என்றால் கம்பெனி படுத்துவிடும். சப்கானுக்கும் இதே கணக்குதான்.

இதில் உங்களுக்கு ஒரு பயன் இருக்கிறது. உங்கள் போர்மேனுக்கு ‘ஓரம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்’ என்பது பெரிசு. மெயின்கானின் பாதுகாப்பு அதிகாரிக்குப் புள்ளி பெரிசு. ஒரு கோடி வெள்ளியும் அதற்கு மேலும் ஒப்பந்தத் தொகை உள்ள சைட்டில் அப்படி ஒரு அதிகாரி இருந்தாக வேண்டும். நீங்கள் இரண்டு முறை சொன்னது தவறான ஆளிடம் என்று எனக்குப் படுகிறது.

சம்பளம்? பெர்மிட்டில் இருக்கிறவருக்கு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐ.பி.ஏ. தாளில் (வேலைக்கு வருமுன் கிடைத்த முன் அனுமதிக் கடிதத்தில்) எழுதியிருக்கும் நிலையான மாதச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். வேலை நிறுத்த உத்தரவு வந்தால் அந்தச் சம்பளம் நிற்காது. ஆனால் ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) நிற்கும். உங்கள் வருமானத்தில் ஓ.டி. எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா என்ன. பெரும்பாலும் கம்பெனி ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிடும், அதை நம்பி வாக்குக் கொடுக்க முடியாது. ஒன்றிரண்டு மாதம் வீட்டுக்கு அனுப்பும் தொகை குறையலாம் என்று மனசைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

இங்கே நான் உங்களுக்குத் தைரியம் சொல்வதற்காக உண்மையை மழுப்பப் போவதில்லை.

பாதுகாப்புக் குறைபாட்டை நல்லெண்ணத்தோடு அதிகாரியிடம் சொன்னதற்காகவோ விசாரணைக்கு உதவியதற்காகவோ ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, நீக்குவேன் என்று மிரட்டவும் கூடாது. 2006 சட்டத்திலேயே இது இருக்கிறது. ஆனால் ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்துப் பெர்மிட்டை ரத்துசெய்ய முதலாளிக்கு வழி இருக்கிறது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. “புராஜெக்ட் முடியுது, ஆள் அதிகம்” என்று சொல்லிவிட்டால், புகார் கொடுத்ததால்தான் நீக்கினார்கள் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் இதை நிரூபிக்க முடிந்தவர்கள் குறைவு. முடிந்தவர்களிடம் ஒன்று இருந்தது: தேதி போட்ட செய்தி. போர்மேனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படம், “அண்ணே, ஒன்பதாம் மாடி ஓரத்துல பாரிகேட் இல்ல” என்ற ஒரு வரி, இரண்டு நீல டிக். வாயால் சொன்ன இருபது தடவையைவிட அது கனமாக நின்றது.

மறுநாளே ஏர்போர்ட் என்பது மட்டும் சட்டப்படி நடக்கக் கூடாது. பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும், முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். கிளெய்ம் நிலுவையில் இருக்கும்போதோ சம்பள பாக்கி இருக்கும்போதோ கட்டாயப்படுத்தி அழைத்துப்போனால், சாங்கி குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம், எனக்குத் தீராத புகார் இருக்கிறது, நான் போக விரும்பவில்லை என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் ‘எம்.ஓ.எம். கேஸ்’ என்றாலே நிறுத்துவார்கள்.

உங்கள் நண்பரின் நிலைமை இதில் உங்களைவிடப் பரவாயில்லை. இழப்பீட்டுக் கிளெய்ம் இருக்கும்வரை, பெர்மிட்டை ரத்துசெய்தாலும் அவருக்கு ஸ்பெஷல் பாஸ் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதி) கிடைக்கும், சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு. உங்களுக்குக் காயம் இல்லை, அதனால் அந்தப் பாதுகாப்பு தானாக வராது. விசாரணைக்குச் சாட்சியாகத் தேவை என்று உங்களை நிறுத்திவைத்தாலும், ஸ்பெஷல் பாஸில் சும்மா வேலை செய்ய முடியாது, தற்காலிக வேலைத் திட்டத்தில் அனுமதி கிடைத்தால்தான். கடன் இருக்கும் ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

முதலில் உள்ளே பேசு, கேட்காவிட்டால் எம்.ஓ.எம்.-க்குப் போ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இன்று நீங்கள் தனியாகப் போய் மெயின்கான் அதிகாரியிடம் பேசி, வெள்ளிக்கிழமை எம்.ஓ.எம். வந்தால், சொன்னது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. ஏற்கெனவே போர்மேனிடம் இரண்டு முறை சொல்லியிருப்பதால் சந்தேகம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. அதனால் நான் வரிசையை மாற்றுவேன்.

எம்.ஓ.எம்.-க்கான தகவலை முதலில் அனுப்பிவிடுவேன். ஸ்னாப்சேஃப் என்ற அவர்களுடைய சேவை வழியாகப் படத்தோடு அனுப்பலாம். சொன்னவர் யார் என்பதை அவர்கள் கம்பெனியிடம் வெளியிடுவதில்லை. எழுதும்போது போர்மேன் கெட்டவன், கம்பெனி ஏமாற்றுகிறது என்றெல்லாம் எழுத வேண்டாம். அதிகாரிக்குத் தேவை இடம்: சைட் வாசல் பலகையில் இருக்கும் புராஜெக்ட் பெயர், எந்த பிளாக், எந்த மாடி, எந்தப் பக்கம், எந்தத் தேதியிலிருந்து, எந்த நேரத்தில் ஆட்கள் அங்கே வேலை செய்கிறார்கள். ஐம்பது லட்சம் வெள்ளியோ அதற்கு மேலோ ஒப்பந்தத் தொகை உள்ள சைட் என்றால் 2024 ஜூனிலிருந்து கேமரா கட்டாயம், அந்தப் பக்கம் கேமராவில் தெரியுமா என்றும் ஒரு வரி சேருங்கள். நான்கு படத்தில் உங்கள் நிழலோ ஹெல்மெட் நம்பரோ விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டாவது படத்தில் உங்கள் ஷூ தெரிகிறது, அதை விட்டுவிடுங்கள். டிக்டாக்கில் போடும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். சைட்டுக்குள் படம் எடுக்கக் கூடாது என்று பல மெயின்கான்கள் விதி வைத்திருக்கிறார்கள். அதிகாரியிடம் கொடுத்ததற்குக் காரணம் சொல்ல முடியும், ஊர் பார்க்கப் போட்டதற்கு முடியாது.

அதே வாரம் உள்ளேயும் பேசுங்கள், ஆனால் தனியாக வேண்டாம். காலை டூல்பாக்ஸில், உங்களில் நான்கைந்து பேர் ஒன்றாக, மெயின்கான் பாதுகாப்பு ஆள் நிற்கும்போது கேளுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சைட்டில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் ஊழியர் பிரதிநிதி யார் என்று விசாரியுங்கள். உரிமை, சட்டம் என்று ஆரம்பித்தால் சண்டையாகிவிடும். “பெர்மிட் தாள் இன்னும் ஒட்டலையே அண்ணே, ஒட்டினதும் போறோம், அதுவரைக்கும் உள்பக்கம் பாக்குறோம்” என்றால் யாரும் பெரிதாகக் கோபப்பட முடியாது. தாளை ஒட்ட வேண்டுமென்றால் யாரோ மேலே வந்து ஓரத்தைப் பார்த்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து பாதிப் பிரச்சினை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். பார்த்துவிட்டு, தடுப்பில்லாமல் யாரும் கையெழுத்துப் போடத் துணிய மாட்டார்கள்.

இரண்டும் நடந்தும் தடுப்பு வரவில்லை, உங்களை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள் என்றால், அன்றைக்கு எம்.சி. போட்டாவது அங்கே போகாதீர்கள். வக்கீல் இப்படிச் சொல்லலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

உங்கள் பெர்மிட் விஷயத்தில் ஒரு கணக்கு. கட்டுமான வேலை பெர்மிட்டில் இருக்கிறவர், பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாளுக்கு உள்ளான இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளிக்கு மாறலாம். உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, இப்போதே அக்கம்பக்கத்தில் வேலை விசாரியுங்கள். மாறும்போது ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு மறுபடியும் லட்சக்கணக்கில் கொடுத்துக் கடனை இரட்டிப்பாக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் வருவீர்கள்தானே, நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 24 மணி நேரத் தொலைபேசி இருக்கிறது. டி.டபிள்யூ.சி.2, ஹோம், ஹெல்த்சர்வ் மாதிரியான தொண்டு அமைப்புகளில் கிளெய்ம் போடப் பணம் வாங்காமல் உதவுவார்கள். காயம்பட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு டி.டபிள்யூ.சி.2 இலவசச் சாப்பாடே போடுகிறது. வரும்போது அவருடைய எம்.சி. தாள், லைட் டூட்டி தாள், கிளினிக் ரசீது, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு நான்கும் கையில் இருக்கட்டும். ரசீதை சூப்பர்வைசர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் சண்டை போட வேண்டாம், கிளினிக் கவுன்டரில் பெர்மிட் அட்டையைக் காட்டி நகல் கேட்டாலே கொடுப்பார்கள்.